டிரைவருக்கும் ஒரு டிக்கெட்

என் அண்ணன் இராஜாங்கத்தின் வீட்டு வாசலில் யாரும் நிற்க முடியாது. சிலிண்டர் போட வருகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், அறுவடை மெஷினோடு சேலம் பக்கத்திலிருந்து வரும் ஆட்கள், யாராக இருந்தாலும் உள்ளே வந்து ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒருமுறை கேபிள் ஒயரைத் துண்டிக்க வந்தவனுக்கே அடை சுட்டுக் கொடுக்கச் சொன்னார். நீலாம்பாள் அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சுட்டுப் போட்டார். அவன் நிதானமாகத் தின்றுவிட்டு, கடமை தவறாமல் ஒயரையும் வெட்டிவிட்டுப் போனான்.

"உங்க வீடு வீடா, சத்திரமா?" என்று நான் கேட்காத நாளில்லை. நீடாமங்கலம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையை அடைத்துவிட்டு அண்ணன் வீட்டுப் பக்கம் போனால் முன்பின் தெரியாத ஒரு ஆள் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். வீடு கட்டும்போதே ஹாலை மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி இழுத்துவிட்டவர் அண்ணன். படுக்கை அறையில் கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாது.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா பண்ணையாளாக இருந்தவர். பண்ணை வீட்டுக்கு அப்பாவோடு போனால் கொல்லைப் பக்கம், மாட்டுக் கொட்டகைக்கு அந்தாண்டைதான் நிற்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அங்கேயே நிற்க வேண்டும். நான் ரொம்பச் சின்னவள், எனக்கு வெயில் மட்டும்தான் ஞாபகம். அண்ணனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பிறகு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தோடு தண்டவாளமாக நடந்து தளர்ந்த ஆணிகளை இறுக்கும் கீமேனாக ஓய்வு பெற்று, கொஞ்சம் நிலமும் வாங்கிவிட்டார். ஆனாலும் ஒரு மனுஷன் வெளியே காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

போன மே மாதம் அவர் மகன் சேரன் சிங்கப்பூரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு லீவில் வந்திருந்தான். பேத்தி எழில்மொழி வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே பிடிவாதம், தீம் பார்க் போக வேண்டும் என்று. சென்னைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய பார்க் இருக்கிறது. ராட்டினம், செயற்கை அலை, உயரத்திலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழும் சமாசாரம் எல்லாம் உண்டு. நம் பக்கத்து ஜனங்கள் அங்கே போவதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினால், காலையில் கேட் திறக்கும்போது போய் நிற்கலாம். பகல் முழுக்க ஆட்டம் போட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். லாட்ஜ் எடுத்துத் தங்குவது தெண்டம் என்பது எல்லோருடைய கட்சியும்.

சேரன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்த வண்டியைக் கொடுக்கிறேன், ஓட்டத் தெரிந்த ஆளையும் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், மஞ்சள் போர்டு வண்டிதான் என்று சொல்லிவிட்டான். குடவாசலில் ஒரு டிராவல்ஸில் நேரில் போய்ப் பேசி, பர்மிட் பார்த்து, இன்சூரன்ஸ் பார்த்து, குனிந்து டயரைக்கூடத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். வண்டி நம்பரையும் டிரைவர் நம்பரையும் எனக்கு அனுப்பினான். பின் சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னபோது, "நான் என்ன ஏரோப்பிளேன்லயா போறேன்?" என்று அண்ணி கேட்டார். கடைசியில் போட்டுக்கொண்டார். அதனால்தான் இன்றைக்கு இருக்கிறார்.

டிராவல்ஸ்காரர் சேரனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினாராம். "தம்பி, டிரைவர் ராத்திரி பூரா ஓட்டுவான். நீங்க உள்ள இருக்கிற நேரத்துல அவனைத் தூங்க விட்டுடுங்க. மத்தத அவன் பாத்துக்குவான்."

டிரைவர் பெயர் புகழேந்தி. குடவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார், சட்டையை இன் பண்ணியிருப்பார். வண்டி கிளம்புகிற அன்றைக்கு நான் வழியனுப்பப் போயிருந்தேன். அண்ணன் வழக்கம்போல அவரை உள்ளே கூப்பிட்டு, தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, இட்லி போடச் சொன்னார். "சார் கீர் எல்லாம் வேணாம், பெரியப்பான்னு கூப்பிடு" என்றார். புகழேந்தி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நிமிஷமே, "சட்னி போதும் சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இனி நடந்தது அண்ணியும் சேரனும் சொல்லி எனக்குத் தெரிந்தது.

காலையில் பார்க் வாசலில் இறங்கியதும் அண்ணன் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, "தம்பி, வண்டிய பூட்டிட்டு வா" என்றிருக்கிறார்.

"இல்ல சார், நீங்க போயிட்டு வாங்க. நான் இப்பிடியே சீட்டச் சாய்ச்சுட்டுப் படுத்திருக்கேன்."

"இந்த வெயில்ல வண்டிக்குள்ளயா?"

"அந்தா, அந்த மரத்தடியில போட்டுக்குறேன் சார். பழக்கந்தான். எத்தன தடவ வந்திருக்கேன்."

"எத்தன தடவ உள்ள போயிருக்கே?"

புகழேந்தி சிரித்தார். "ஒரு தடவயும் இல்ல சார். டிரைவருக்கு எதுக்கு அதெல்லாம்?"

அந்த ஒரு வார்த்தை போதும் எங்கள் அண்ணனுக்கு. சேரன் குறுக்கே வந்து, "அப்பா, அவரு தூங்கட்டும்ப்பா. தூங்கினாத்தான் நமக்கு நல்லது" என்றான்.

"நமக்கு நல்லதுன்னு ஒரு ஆளை வெளியில கெடக்க வுட்டுட்டு, நாம உள்ள போயி கூத்தடிக்கணுமா? எங்கப்பன் வெளியில நின்னான், நான் நின்னேன். பத்தலியா? நீ படிச்ச படிப்புக்கு இதான் புத்தியா?"

வாசலில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கத்தியிருக்கிறார். சேரன் எழிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். புகழேந்தி மறுபடியும், "கொஞ்சம் கண்ணசந்தா தேவல சார், போறப்ப நல்லாருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிக்கெட் வரிசையில் நிறுத்திவிட்டார். தகப்பன் வயசுள்ளவர், வண்டி எடுத்த வீட்டுப் பெரியவர், ஆசையாகக் கையைப் பிடிக்கிறவர். அவரிடம் ஒரு டிரைவர் எத்தனை முறைதான் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

மத்தியானம் அண்ணன் எனக்கு வீடியோ கால் போட்டார். அலை அடிக்கிற குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் புகழேந்தி, பேன்ட்டை முட்டிவரை மடித்துவிட்டிருந்ததெல்லாம் வீணாகப் போய் முழுக்க நனைந்து நின்றார். தோளில் எழில்மொழி. அலை வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். "பாத்தியா, பாத்தியா" என்று அண்ணன் ஒரே பூரிப்பு. "டிரைவரையும் தண்ணியில தள்ளிட்டீங்களா? பாவம், வேலைக்கு வந்த மனுஷன்" என்று நான் கிண்டல் செய்தேன். எனக்கும் அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

குழந்தை களைத்துவிட்டதால் சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். பின்னால் எல்லோரும் வண்டி மெயின் ரோடு ஏறுவதற்குள் தூங்கிவிட்டார்கள். முன் சீட்டில் அண்ணன். முன் சீட்டில் உட்காருகிறவர் டிரைவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. வயசான உடம்பு, பகலெல்லாம் தண்ணீரில் ஊறியிருக்கிறது. அவரும் தூங்கிவிட்டார்.

திண்டிவனம் தாண்டி, விளக்கு வைக்கிற நேரத்தில், வண்டி நடுத்திட்டில் ஏறிக் கம்பத்தில் மோதியது. டிரைவர் பக்கம் அப்பளமாகிவிட்டது. எழிலுக்கு நெற்றியில் தையல், அண்ணனுக்குக் காறை எலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. புகழேந்தி அங்கேயே போய்விட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? முதலில் குடித்திருப்பான் என்றார்கள். போஸ்ட்மார்ட்டத்தில் அதெல்லாம் இல்லை என்று வந்ததும், பொறுப்பில்லாதவன், தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறான் என்றார்கள். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் "இந்த டிரைவருங்களே இப்பிடித்தான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும், "அவன் தூங்கறேன்னுதாங்க சொன்னான், நாந்தான் விடல" என்பார். கேட்டவர்கள், "உங்க நல்ல மனசு அப்பிடி" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அந்த 'நல்ல மனசு' என்ற வார்த்தையைக் கேட்டாலே அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சேரன் சிங்கப்பூர் திரும்பினான். கட்டுப் பிரித்து அண்ணன் எழுந்து நடமாடினார். ஆனால் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. சிலிண்டர்காரர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார். அண்ணன் கேட்டிலேயே சிலிண்டரை வாங்கிக்கொண்டு, "நீ போப்பா, உன் வேலையைப் பாரு" என்றாராம். அண்ணி என் கடைக்கு வந்து, தைக்கிற பெண்கள் எல்லாம் பார்க்க, அழுதார். "அந்தாளு அடை சுடச் சொல்லி உயிர வாங்கினப்பல்லாம் திட்டினேனே. இப்ப யாருக்காச்சும் சுடச் சொல்ல மாட்டாரான்னு இருக்கு" என்றார். எனக்கும் அழுகை வந்தது. அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை, அடங்காத கோபம். அதே அளவுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

தீபாவளி முடிந்து ஒரு நாள் அண்ணன் கடைக்கு வந்தார். "புகழேந்தி ஊட்டுக்குப் போவணும். நீயும் வா" என்றார்.

"எதுக்குண்ணே? போயி என்ன சொல்லப் போறீங்க?"

"அவன் தூங்கணும்னு கேட்டான்னு சொல்லணும். ஊரு பூரா சொல்லிட்டேன், சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல."

பஸ் பிடித்துப் போனோம். இரண்டு பக்கமும் சம்பா பச்சை பிடித்து நின்றது.

புகழேந்தியின் மனைவி செவ்வந்தி களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும், "வாங்க, உள்ள வாங்க" என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் வாசல்படியைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவரில் சாமி படம் இருந்தது, ஒரு குழந்தையின் பள்ளிக்கூட போட்டோ இருந்தது. புகழேந்தியின் படம் இல்லை.

நான் தேடுவதை அவள் கவனித்துவிட்டாள். "பீரோவுல இருக்குங்க. மாட்டல" என்றாள்.

"ஏம்மா?"

"எனக்கு அந்தாளு மேல கோவம். மாட்டினா மால போடணும், வெளக்கேத்தணும். நான் போட மாட்டேன்." குரல் கெட்டியாக இருந்தது, பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு மாதிரி. "பொண்ணு தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணாருங்க. பகல்ல தூங்காம திரும்ப வண்டிய எடுக்க மாட்டேன்னு. ஒவ்வொரு சவாரிக்கும் கேப்பேன், தூங்கினியா, தூங்கினியான்னு. ஆஸ்பத்திரியில அவரு துணியக் குடுத்தாங்க. ரத்தத்தோட ரத்தமா ஈரம். மோந்து பாத்தா அந்தக் கொளத்துத் தண்ணி மருந்து வாட அடிக்குது. குடும்பஸ்தன், தூங்காம தண்ணியில ஆடியிருக்காரு. எங்க நெனப்பு இருந்திருந்தா ஆடுவாரா? வயலுக்குப் போறப்ப திட்டறேன், சமைக்கறப்ப திட்டறேன். செத்த நாள்லேருந்து நான் இன்னும் அழவே இல்லீங்க. திட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

அண்ணன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, அவன் ஆடணும்னு வரல. தூங்கறேன்னு சொன்னான். மரத்தடியில வண்டியப் போட்டுத் தூங்கறேன்னான். நான் வேணாம்னேன். மறுபடி கேட்டான். நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். டிரைவர்னு வெளியில வுடக் கூடாதுன்னு எனக்கு ஒரு கிறுக்கு. அவன் சத்தியத்த அவன் ஒடைக்கலம்மா. நான் ஒடச்சேன்."

செவ்வந்தி அவரையே பார்த்தாள். "கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரும்மா."

"தூங்கறேன்னு அவரு வாயால கேட்டாரா?"

"ரெண்டு தடவ கேட்டாரும்மா."

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து படத்தை உருவி எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "கேட்டியாய்யா நீ? என் ராசா, கேட்டியா? நான் உன்ன என்னென்ன பேசிட்டேன், எத்தன நாளு பேசிட்டேன்" என்று படத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன்.

வெகுநேரம் கழித்து அடங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தையும் துடைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த என் அண்ணனை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் இரக்கம் இல்லை.

"அவர இனிமே திட்ட மாட்டேன்" என்றாள். "உங்களத்தான் திட்டுவேன். தெனமும் திட்டுவேன்."

"திட்டும்மா" என்றார் அண்ணன். "நல்லா திட்டு."