அப்பா பெயர் இருந்த கேடி நோட்டு

பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனைக் கொஞ்சும்போது "கேடிப்பயலே" என்கிறாள். குழந்தை சிரிக்கிறது. நான் திரும்பி வாசலைப் பார்க்கிறேன். இத்தனை வருடம் கழித்துமா என்றால், ஆமாம்.

கேடி என்பது ஆங்கிலத்தில் கே, டி என்று இரண்டு எழுத்து. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அர்த்தத்தை, போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர்தான் சொன்னார். "தெரிஞ்ச திருடன்னு அர்த்தம். போலீஸ் நோட்டுல எழுதுறது. சனங்க அதை எடுத்துக்கிட்டு, குறும்பு பண்றவனையெல்லாம் கேடிங்குறாங்க. ஒங்கப்பன் நெசமாவே நோட்டுல இருக்கான்."

அப்பா இளவயதில் ஓர் ஆட்டைத் திருடி ஜெயிலுக்குப் போனவர். ஒரே ஓர் ஆடு. அதன்பின் விராலிமலைப் பக்கம் கல் உடைத்துத்தான் எங்களை வளர்த்தார். ராஜா ஆண்ட எங்கள் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்த நோட்டு அப்படியே இருந்தது. வாரம் ஒருநாள் போலீஸ்காரர் சைக்கிளில் வருவார். இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "கேடி இருக்கானா?" என்பார். அப்பா வாசலுக்கு வந்து, "இருக்கேங்க" என்று முகத்தைக் காட்டவேண்டும்.

தங்கையைப் பெண் பார்க்க ஆவுடையார்கோவில் பக்கமிருந்து வருவதாகச் சொன்ன நாள், போலீஸ்காரர் வரும் நாளாகவே அமைந்தது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் காபி குடிக்கிற நேரத்தில் சைக்கிள் வந்து நின்றால்? கடைசியில் அப்பாவிடமே சொன்னேன்.

"நீங்களே வெள்ளன ஸ்டேஷனுக்குப் போயிருங்கப்பா. அவுக கெளம்புறவரைக்கும் அங்கிட்டே இருந்துருங்க. ஒங்களை அங்கன பாத்தா போலீஸ்காரக இங்கிட்டு வரமாட்டாக."

அவர் கோபப்படவில்லை. "அதுஞ்சரிதான்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வந்தவர்களிடம், அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்றேன். பெண்ணைப் பிடித்துவிட்டது.

கல்யாணத்தன்று பந்தலில் அப்பாவைக் காணவில்லை. அது போலீஸ்காரர் வரும் நாளுமல்ல. நான் எதுவும் சொல்லவும் இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். புதுவேட்டியோடு வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார்.

"நாங்க யாரும் கூப்பிடலைப்பா" என்றார் ரைட்டர். "விடிஞ்சதும் அவனாத்தான் வந்தான். போன்னாலும் போகமாட்டேங்குறான்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாலி கட்டியாச்சா?"

"இன்னும் இல்லப்பா. எந்திரிங்க."

"அப்ப நீ போ. கட்டி முடிச்சதும் ஆளனுப்பு, வாரேன்."