சோளகக் கடலில் மனைவியோடு நெடுந்தீவுக்கு

நெடுந்தீவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் மனைவி படகில் ஏறிய கதையைத்தான் எழுதவேண்டும். குதிரை, கோட்டை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் பருத்தித்துறை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதும் படகில் ஏறப் பழகுவதும் ஒரே காலத்தில்தான். சுகந்தியோ வட்டுக்கோட்டைக்காரி. சுற்றிவர வயல், கடல் என்றால் சந்தைக்கு மீன் வரும் இடம், அவ்வளவுதான். சண்டைக் காலத்தில், பத்து வயதில், கிளாலிக் கடல்நீரேரியை, கடற்படையின் கண்ணில் படாமல் இரவோடு இரவாகத் தாயோடு படகில் கடந்தவள். அதன் பிறகு எந்தப் படகிலும் ஏறியதில்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு முறை குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் வந்து, என்னையும் மகளையும் நயினாதீவுக்கு அனுப்பிவிட்டு, கரையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தவள்.

இந்த முறை மகள் கம்பஸ் நண்பிகளோடு நெடுந்தீவு போய், குதிரைப் படங்களை அனுப்பியிருந்தாள். சுகந்தி அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நானும் ஒருக்கால் பாக்கவேணும்" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடும்.

அவள் ஆசிரியை, ஆவணி விடுமுறையை விட்டால் வேறு நாள் இல்லை. ஆனால் அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். காலையில் கடல் பரவாயில்லை, மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும். நீங்கள் அமைதியான கடலை விரும்பினால் பங்குனியில் போங்கள்.

காலை ஐந்தேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். யாழ்ப்பாணம் முப்பத்துநாலு கிலோமீற்றர். அங்கே தேநீரும் வடையும். பிறகு பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு இன்னொரு முப்பது சொச்சம். பஸ்ஸில் வருபவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. ஒன்றரை மணிநேரம் பிடிக்கும். பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்த கை இறுகுவது தெரிந்தது.

ஒன்பது மணிப் படகு. இறங்குதுறையில் ஒரு வழக்கம் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். சனம் ஏறுவதற்கு முன் சாமான் ஏறும். காஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை, அன்றைக்கு ஒரு கதவும். கரையில் நிற்பவர்கள் எல்லோரும் வரிசையாகி, கைக்குக் கை மாற்றிப் படகுக்குள் கொடுப்பார்கள். உங்களை யாரும் கேட்கமாட்டார்கள். நின்றால் நீங்களும் வரிசைதான்.

"இஞ்சருங்கோ, நீங்கள் போட்டு வாங்கோ. நான் உதிலை இருக்கிறன்" என்று சுகந்தி நிழலைக் காட்டினாள்.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆனாலும் தலையாட்டினேன். அந்த நேரம் தீவுக்காரப் பெண் ஒருத்தி வந்து, துளை போட்ட மட்டைப்பெட்டி ஒன்றைச் சுகந்தியின் கையில் வைத்தாள்.

"அக்கா, இதைப் பிடியுங்கோ. கவனம், கோழிக்குஞ்சு."

சொல்லிவிட்டு அவள் படகுக்குள் பாய்ந்துவிட்டாள். சுகந்தி பெட்டியை மாற்றிவிட ஆள் தேடினாள். முன்னால் நின்றவர் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். படகுக்குள் நின்ற பெண்ணோ காஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி, "கொண்டந்து தாங்கோ அக்கா, எனக்குக் கை இல்லை" என்றாள். சுகந்தி பெட்டியைப் பார்த்தாள். படகுக்குப் போட்டிருந்த பலகையைப் பார்த்தாள். ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே பாய்ந்து ஏறினேன்.

ஒரு மணிநேரப் பயணம். குஞ்சுக்காரி சிலிண்டரில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். சுகந்தி பெட்டியை மடியில் வைத்து, துளையூடாக உள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கடலை ஒருதரமும் பார்க்கவில்லை. "ஒண்டு தூங்கித் தூங்கி விழுது" என்றாள் நடுவழியில். அவ்வளவுதான் பேச்சு. நெடுந்தீவில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு பார்த்தால், பத்து விரலிலும் மட்டையின் அச்சு.

அரைநாள் சுற்றிக்காட்ட ஓட்டோக்காரர் நாலாயிரத்து ஐந்நூறு கேட்டு நாலாயிரத்துக்கு வந்தார். "அண்ணை, முதல் குதிரை. வெயில் ஏறினால் அதுகள் ஒதுங்கிப்போடும்" என்று நேரே தெற்குப் பக்க வெட்டைவெளிக்கு விட்டார். நல்ல யோசனை, நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்கிறார்கள். கட்டையானவை, மண்ணிறம், ஆட்களைக் கணக்கெடுப்பதில்லை. வெயில் காலத்தில் தண்ணீருக்குத்தான் அவை பாடுபடும். ஒரு தாயும் குட்டியும் தொட்டியில் குடித்து முடியும்வரை சுகந்தி அசையவில்லை. கைபேசியையும் எடுக்கவில்லை.

பிறகு கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால் கட்டிய மதில்கள், இடிந்த கோட்டை, ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம். ஓட்டோக்காரர் 'வளரும் கல்' என்று ஒன்றையும் காட்டினார். உண்மையாகவே வளர்கிறதா என்று அவரைக் கேட்டேன்.

"என்ரை கண்ணுக்கு வளரேல்லை அண்ணை. பாக்க வாற சனந்தான் வளருது."

சிறிய கடையொன்றில் சோறும் நண்டுக் குழம்பும், ஆளுக்கு எண்ணூறு. இதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

இரண்டரை மணிப் படகுக்கு வந்தபோது சோளகம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கட்டியிருந்த படகே துள்ளியது. திரும்பும் படகில் சாமான் கிடையாது. சுகந்தியின் கையில் யாரும் எதையும் வைக்கவில்லை. ஏறவேண்டும், இல்லையென்றால் தீவுக்கு இடமாற்றம் கேட்கவேண்டும். இப்போது பகிடியாகச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குப் பயம்தான். அவள் இப்போது திரும்பி நின்றால், இனி எந்த நாளும் ஏறமாட்டாள். கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துத் தானே படகுக்குள் இறங்கினாள்.

"மேலை இருப்பம். உள்ளுக்கை வேண்டாம்."

நடுக்கடலில் முதல் பெரிய அலை எங்களை முழுக நனைத்தது. "ஐயோ அம்மா!" என்று சுகந்தி கத்தினாள். வகுப்பறையில் கூடக் குரலை உயர்த்தாதவள். அடுத்த அலைக்கு இன்னும் பலமாக. படகே திரும்பிப் பார்த்தது.

"சனம் பாக்குது" என்றேன் மெல்ல.

"பாக்கட்டும். கிளாலியிலை அம்மா என்ரை வாயைப் பொத்திப் பிடிச்சவ. கரை வருமட்டும் கையை எடுக்கேல்லை. அண்டைக்குக் கத்தாததையெல்லாம் இண்டைக்குக் கத்துறன்."

இருபத்திரண்டு வருடம். இதை எனக்குச் சொன்னதேயில்லை. அடுத்த அலை வந்தபோது நானும் சேர்ந்து கத்தினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே விசாரியுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், தொப்பியும். மிதவை அங்கியை வெட்கப்படாமல் போடுங்கள். பருத்தித்துறைக்காரன் நானே போட்டேன். மேல்தட்டில் இருந்தால் நனைவீர்கள், மாற்றுடுப்பு அவசியம். பக்கத்தில் யாராவது அலைக்கு அலை கத்தினால், தயவுசெய்து "சனம் பாக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.