பாதத்தில் ஏறிய தூண்டில் முள்

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் லேப்பில் நான் டெக்னீசியனாக இருந்தேன். 2006 வாக்கில் மதுரையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. சர்க்கரை நோயாளிகளில் சிலருக்குக் கால் மரத்துப்போகிறது, சிலருக்கு அப்படி ஆவதில்லை. சர்க்கரை அளவை மட்டும் வைத்து இதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டது உடம்புக்குள் எரியும்போது பலவகைக் கொழுப்புகளும் அமிலங்களும் உண்டாகி ரத்தத்தில் கலக்கின்றன. இவற்றை மெட்டபோலைட் என்பார்கள். அவற்றில் எது நரம்புச் சேதத்தோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. முகாம்களில் ரத்தம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். வெறும் வயிற்றில் எடுத்து, டியூபை உடனே ஐஸ் பாக்ஸில் வைத்து, லேப்புக்குக் கொண்டுபோய் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் சுற்றி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தாமதமானால் டியூபுக்குள் இருக்கும் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். அப்புறம் அந்த சாம்பிள் உதவாது.

முதல் முகாம் பாம்பனில். ஆய்வுக் குழுவின் டாக்டர் மாலதி ஒவ்வொருவர் பாதத்தையும் சோதித்து அனுப்ப, நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். சூசை என்ற மீனவர், தன் மனைவி ஆரோக்கியத்தோடு வந்திருந்தார். அவர் வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கட்டைவிரலுக்கு அடியில் சிவந்து வீங்கியிருந்தது. இடுக்கியால் லேசாக அழுத்தினார். சீழோடு உடைந்த தூண்டில் முள் ஒன்று வெளியே வந்தது.

"இது எப்ப ஏறுச்சு?"

"எதும்மா?" என்றார் சூசை.

உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். சூசை எழுந்துவிட்டார். "வலிக்கவே இல்லம்மா. மஞ்சப் பத்து போட்டா ஆறிரும். அங்கன போனா காலை எடுத்துருவாக. நாளைக்குக் கடலுக்குப் போகணும்."

டாக்டர் வாதாடவில்லை. உணர்ச்சி பார்க்கும் நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்கங்க. நான் தொடுறப்ப எல்லாம் சொல்லுங்க."

கையில் தொட்டார். "ஆங்." மறுபடி தொட்டார். "ஆங்." பிறகு பாதத்தில் தொட்டார். சூசை காத்திருந்தார். விரல், குதிகால், நடுப்பாதம் என்று டாக்டர் இழை வளைய வளைய ஊன்றினார். சூசை சும்மாவே இருந்தார்.

"இந்தா தொடுறாகல்ல, சொல்லுங்க," என்றார் ஆரோக்கியம். "சொல்லுங்களேன்!"

சூசை கண்ணைத் திறந்தார். இழை அவர் கட்டைவிரலில் ஊன்றி வளைந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வண்டி எங்கன நிக்கிது?" என்று கேட்டார்.

எங்களிடம் இருந்தது ஒரே வண்டி. முகாமை நடத்திய இளைஞர் பதறினார். "மேடம், பட்டினியா வந்தவங்க இன்னும் வரிசையில நிக்கிறாங்க."

"அவங்களச் சாப்பிடச் சொல்லுங்க. இன்னொரு நாள் எடுக்கலாம்."

"இவர் சாம்பிளையாவது எடுத்துக்கலாமா?"

"புண்ணு பழுத்திருக்கு. ரத்தத்துல தெரியிற மாற்றம் நரம்பால வந்ததா, சீழால வந்ததான்னு எப்படிப் பிரிப்பீங்க?"

அதுவரை எடுத்த டியூப்கள் இருந்த ஐஸ் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பாலம் தாண்டி ராமநாதபுரம் போனோம். ஆஸ்பத்திரியில் சூசையின் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

புண் நன்றாக ஆறிய பிறகு நடந்த முகாமுக்கு அவரே வந்தார், காலில் ரப்பர் செருப்போடு. ரத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எங்க ரத்தத்துல என்ன கண்டுபிடிச்சீக?"

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்கண்ணே. வித்தியாசம் தெரிஞ்சாலும், அதாலதான் கால் மரத்துப்போகுதா, இல்ல மரத்துப்போனவங்களுக்கு அதுவும் சேந்து வருதான்னு சொல்ல நாளாகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தெனம் சாயங்காலம் நான் பாக்குறேன்ல," என்றார் ஆரோக்கியம். "கரைக்கு வந்ததும் காலத் தூக்கச் சொல்லிருவேன். வெக்கப்படுவாக. நான் விடமாட்டேன்."

அதன்பின் போன முகாம்களில் எல்லாம் நான் ஊசியை எடுப்பதற்கு முன் காலைக் காட்டச் சொன்னேன். ஆய்வு பல வருஷம் கழித்து யாரோ ஒருவருக்கு உதவலாம். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பாதத்தை இன்றைக்கே காப்பாற்ற முடியும். ரத்தம் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும்.