எதிர்ச் சுவரில் ஒரு பலகை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது. ஏவன்டேல் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஓர் அலுமினிய ஏணி. அது தவறான சுவரில் சாய்ந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வட்டாரத்தின் பழைய கட்டடங்களுக்கு நினைவுப் பலகை வைக்கும் வேலையை ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியிருந்தார்கள். மூலையில் இருந்த டெய்ரியும் அவற்றில் ஒன்று. பால், ரொட்டி, பத்திரிகை விற்கும் அந்தச் சின்னக் கடை முன்பு பேக்கரியாக இருந்தது. பின்கட்டில் செங்கல் அடுப்பு அப்படியே இருந்தது. கடையை வாடகைக்கு எடுத்து நடத்தியவர்கள் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. அடுப்புக்குள் அரிசி மூட்டைகளை வைத்திருந்தார்கள். யாராவது கேட்டால் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே காட்டுவார் கடைக்காரர்.

கட்டடத்தின் சொந்தக்காரர் அதை விற்கப் பார்க்கிறார் என்று பேச்சு இருந்தது. "பலகை ஒண்டு சுவரில ஏறிட்டா இடிக்கிறவன் ஒருக்கா யோசிப்பான் தம்பி," என்று கடைக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். அதற்காக ஐஸ்கிரீம் விளம்பரத்தைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தார்.

ஏணி நின்றதோ சாலைக்கு எதிர்ப்புறம், பொதுக் கழிப்பறையின் சுவரில்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாளிடம் காரணம் கேட்டேன். கட்டடச் சொந்தக்காரர் "கடைக்காரரைக் கேளுங்கள்" என்று விட்டுவிட, நேரில் போய்க் கேட்டவர் இந்த அம்மாள்தான்.

"அவருக்கு இஷ்டமில்லையே," என்றார். "உங்கள் சுவரில் வைத்தால், 'வுட் யூ மைண்ட்?' என்று கேட்டேன். 'யெஸ், யெஸ்' என்றார். அதற்கு மேல் வற்புறுத்துவது நாகரிகமில்லை."

ஆட்சேபம் உண்டா என்பது அம்மாளின் கேள்வி. வைக்கலாமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, ஓம் என்று சொல்லும் சந்தோஷத்தில் யெஸ் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். விளக்கிச் சொன்னதும் அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பட்டிருந்தன. பழைய பேக்கரி இதற்கு எதிரே நின்றது என்று, ஆங்கிலத்தில், இறந்த காலத்தில்.

கடை வாசலில் தம்பதி நின்றிருந்தார்கள். நடந்ததை அவர்களிடம் சொன்னேன்.

"நான் ஓம் எண்டுதானே சொன்னனான்?"

"அதுதான் வினை," என்றார் மனைவி. "நான் என்ன கேட்டாலும் நோ எண்டு சொல்லுற வாய், அண்டைக்கு மட்டும் யெஸ் எண்டிருக்கு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. சாலையைக் கடந்துபோய்ப் பலகையைப் படித்தார்.

"தம்பி, நீர் பேப்பரில வேலை செய்தனீர். 'ஸ்டுட்' எண்டா நிண்டது எண்டுதானே?"

"ஆமா அண்ணே."

"இந்தா நிக்குதே," என்று கடையைக் காட்டினார்.

அம்மாள் தன் குழுவிடம் பேசிப் பார்த்தார். ஓர் இடத்துக்கு ஒரு பலகைதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் தான் சுட்ட கேக்கோடு கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் அரிசி மூட்டைகளை இழுத்துப் போட்டு அடுப்பைக் காட்டினார். பலகையின் வாசகத்தை எழுதியவர் அந்த அம்மாள். அடுப்பை அவர் பார்த்தது அன்றுதான்.

இந்த மாதிரிப் பலகைக்குச் சட்டபலம் கிடையாது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடைக்காரரிடமும் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"சட்டம் இல்லாட்டியும் வெக்கம் எண்டு ஒண்டு இருக்குத்தானே தம்பி," என்றார். "சுவரில எழுதியிருக்கிறதை வாசிச்சுப்போட்டு இடிக்கக் கை வருமே?"

 

மறு வருடம் கட்டடம் கைமாறியது. கடையைக் காலி செய்த அன்று உதவிக்குப் போயிருந்தேன். கடைசி மூட்டையை வேனில் ஏற்றியதும் அவர் உள்ளே போய், ஈரத்துணியால் அடுப்பின் வாயைத் துடைத்தார்.

"இடிக்கப் போறதை ஏனப்பா துடைக்கிறியள்?" என்றார் மனைவி.

அவர் துடைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அவர்கள் மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீடு எடுத்தார்கள். கிளென்ஃபீல்ட் மாலில் ஒரு கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. சந்தைப் பக்கம் அவர் பிறகு வரவில்லை.

பலகை எதிர்ச் சுவரிலேயே இருக்கிறது. அடுப்பு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.