ஏலக்காய் வாசனை

கடவுளின் மன்னிப்பைக் கேட்டு வந்தவரின் வாயை நான் முகர்ந்து பார்த்தேன். ஒருமுறையல்ல... பல ஞாயிறுகள்!

நான் ஒரு லுத்தரன் போதகன். வெளிமாநில நகரமொன்றின் ஔந்து பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழில் ஆராதனை நடத்துகிறோம். நற்கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று இருபது ஆண்டுகளாகப் பிரசங்கிக்கிறேன். அதை ஒருநாளாவது நம்பினேனா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பாவமன்னிப்புக்காக அப்பமும் திராட்சரசமுமாகத் தரும் நற்கருணையை எடுக்க விரும்புகிறவர்கள் முந்தின நாளே போதகரிடம் பெயர் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு சனிக்கிழமை, வாகட்டில் உள்ள என் வீட்டுக்கு ஜெயசீலன் வந்தார். தளேகாவில் தொழிற்சாலை வேலை, வீடும் அங்கேதான். குடித்துவிட்டு மனைவி எஸ்தரை அடிப்பவர் என்பது சபை முழுக்கத் தெரியும்.

"குடிய விட்டுட்டேன்யா. நாளைக்கு என் பேரையும் எழுதிக்குங்க."

நான் எழுதவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம்" என்றேன். எதைப் பார்க்க?... மரத்தை நடுமுன்பே பழம் கேட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தேன். அவர் முறை வந்ததும் கையைப் பற்றியபடி சற்று அதிகமாகவே குனிந்தேன். மூச்சில் ஏலக்காய் மணந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறானே என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறும் ஏலக்காய். அதற்கடுத்ததும்! சாராய நெடியை மறைக்க அல்லாமல் வேறெதற்கு?

மூன்று மாதம் அவர் பெயர் என் பட்டியலில் ஏறவே இல்லை. மற்றவர்கள் நற்கருணைக்கு எழுந்து போக, அவர் மட்டும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று மாதமும் நான் கிருபையைப் பற்றித்தான் தொண்டை கிழியப் பேசினேன்... வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் எஸ்தர் வந்தார்.

"குடி நெனப்பு வரும்போதெல்லாம் ஏலக்காயத்தான் மெல்லுறாரு. அடி வாங்குன நானே மன்னிச்சிட்டேன். நீங்க எதுக்குய்யா காத்திருக்கீங்க?"

அதன்பிறகு அவர்கள் ஆராதனைக்கு வரவில்லை.

எப்படிப் பிரசங்கித்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும். மன்னிப்பைப் பெற்றவன்தான் மாறுவான். மாறிய பிறகு கொடுப்பது மன்னிப்பா, சம்பளமா? நானோ ஒவ்வொரு பிரசங்கத்தின் முடிவிலும் ஓர் "ஆனாலும்..." போட்டு, கிருபைக்கு வாசலில் காவலாளியாக நின்றேன்.

போன மாதம் ரயிலேறித் தளேகாவுக்குப் போனேன். ஜெயசீலன்தான் கதவைத் திறந்தார்.

"உங்களச் சந்தேகப்பட்டேன். தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டேன்யா. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்."

அவ்வளவுதான்! நிபந்தனை இல்லை, தவணை இல்லை. இருபது ஆண்டுகளாக நான் சொல்லத் தெரியாமல் திணறியதை அவர் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இவ்வளவு சுலபமாகவா... உள்ளே வேறேதும் வைத்திருக்கிறாரோ என்று அவர் முகத்தையே துருவிக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் டீ கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஏலக்காய் மணந்தது. என்னைக் குத்திக்காட்டத்தான் போட்டார்களோ?

கோப்பையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.