கன்னக்குழியில் ஒரு விரல்

அந்தமானுக்குப் போகலாம் என்று சொன்னது என் மகள். கையால் சொன்னாள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. பதினைந்து வயதாகிறது, பாளையங்கோட்டையில் படிக்கிறாள். போனில் மீன் பார்த்துப் பார்த்து, கடலுக்கு அடியில் இறங்கி நேரில் பார்க்காமல் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முழுப்பரீட்சை லீவில் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், மகள், கூடவே அவருடைய அக்கா. மதினி தனியாக இருப்பவர் என்பதால் நாங்கள் எங்கே போனாலும் வருவார். தீவில் எங்கே பார்த்தாலும் மீன்தான் சமைப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட, புளியோதரைக்கும் பருப்புப் பொடிக்கும் மட்டும் ஒரு பை தனியாக வந்தது.

எங்கள் குடும்பத்தில் கைதான் பெரிய வம்பு. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், நரம்பே சரியாக உருவாகவில்லை, ஆபரேஷன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை என்று. சொந்தபந்தம் விடுமா? பேச்சு வராத பிள்ளை திருச்செந்தூரில் ஐந்து வயதில் வாய் திறந்த கதை எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதை எனக்கு வந்து சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஐந்து வயது முடியும்வரை தூக்கிக்கொண்டு போனோம். இவளுக்குக் கையே போதும் என்று முருகன் நினைத்திருக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒரு அம்மா, பிள்ளைக்கு முன்னால் கையை ஆட்டாதீர்கள், ஆட்டினால் வாயால் பேசவே வராது என்றார். நானும் கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்து பார்த்தேன். அவள் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதென்ன பிழைப்பு என்று ஒருநாள் மண்டை சூடாகி, பள்ளிக்கூட வாசலில் பெரிய பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து சைகை மொழியைக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. இன்றுவரை அதற்காக யாருக்கும் சமாதானமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் கற்றுக்கொள்ளவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் சாப்பிடாமல் பக்கத்தில் கிடக்கிற மனிதர்தான். ஆனால் கையைத் தூக்க மாட்டார். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையைத் தட்டுவார், லைட்டை அணைத்து அணைத்துப் போடுவார், அதுவும் இல்லையென்றால் அவளைக் கூப்பிடு என்று என்னிடம் சொல்வார். வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நானும் மகளும் பேச ஆரம்பித்தால், பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்வார். மதினி தள்ளியெல்லாம் போக மாட்டார். பக்கத்திலேயே நின்று சொல்வார்.

"ஏளா, கையக் கீழ போடு. நாலு பேரு பாக்காவ."

பார்க்கட்டுமே. அந்த நாலு பேரா என் பிள்ளைக்குச் சோறு போடுகிறார்கள்? பஸ் ஸ்டாண்டில் தொண்டை கிழியச் சண்டை போடுகிறவனை யாரும் வாயைக் கீழே போடு என்று சொல்வதில்லை.

அவள் பள்ளியில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. ஆதார் கார்டில் இருக்கிற பெயரை அவள் எழுதுவாள், ஆனால் அது ஒருநாளும் அவள் காதில் விழுந்ததில்லை. அவளுடைய நிஜப் பெயர், கன்னத்தில் குழி விழும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு திருகு. சிரித்தால் அங்கே அவளுக்கு ஆழமாகக் குழி விழும். அப்பாவுக்கு என் பெயர் தெரியுமா என்று ஒருதடவை என்னிடம் கேட்டாள். தெரியும் என்றேன். பிறகு ஏன் கூப்பிட மாட்டேன் என்கிறார் என்றாள். என்னிடம் கோபம்தான் இருந்தது.

தீவில் போய் இறங்கிய மறுநாள் காலையில் ஸ்கூபா கடைக்குப் போனோம். கடைக்காரருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், தமிழ் பேசினார். எங்கள் மூவருக்கும் ரப்பர் உடுப்பு எடுத்து வைத்தவர், நானும் மகளும் கையால் பேசிக்கொள்வதைப் பார்த்ததும் அவளுடைய உடுப்பைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டார். காது கேட்காத பிள்ளையை இறக்க முடியாது, கடலுக்குள் ஏதாவது ஒன்று என்றால் எப்படிச் சொல்வது என்றார்.

என் வீட்டுக்காரர் உடனே, சரி விடு, அடியில் கண்ணாடி பதித்த படகில் மேலே இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். மதினி, தம்பி சொல்வதுதான் நியாயம் என்றார். மகள் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைகளிலும் பஸ்களிலும் அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இங்கே அதைப் பார்க்கிறதாக இல்லை.

அவளுடைய செவிப்பறை நன்றாக இருக்கிறது, கோளாறு உள்ளே நரம்பில்தான், கடலில் இறங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறோம் என்றேன். கடைக்காரர் அசையவில்லை.

"தண்ணிக்குள்ள நீங்க வாயால சொன்னா, காது கேக்குத எனக்குக் கேக்குமா?" என்று கேட்டேன்.

"கேக்காது."

"பெறவு எப்படிச் சொல்லுவிய?"

"கையாலதான்," என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடுப்பை மறுபடியும் எடுத்து அவளிடமே கொடுத்தார்.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். விரலை வளைத்து வட்டம் போட்டால் நன்றாக இருக்கிறேன். கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போக வேண்டும். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு எந்த இடம் என்று காட்டினால், அங்கே ஏதோ சரியில்லை. மகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதானா, இவர்கள் மொழியில் பத்து வார்த்தைகூட இல்லையே என்று என்னிடம் பரிதாபப்பட்டாள். அவள் அப்பா கட்டைவிரலையும் வட்டத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினார். மதினி கரையில் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

படகில் ஆழத்துக்குப் போய் இறங்கினோம். ஆளுக்கு ஒருவர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து எங்களைக் கூட்டிப்போனார்கள். முதலில் எனக்கு என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் நினைவில்லை. அப்புறம்தான் கண் திறந்தது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள், எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பக்கத்தில் போயின. பரம்பரையாக மீன் தொடாத குடும்பம் என்று அதுகளுக்கும் தெரிந்திருக்கும். மகள் எங்களுக்கு முன்னால் இருந்தாள். ஒவ்வொரு மீனையும் காட்டிக் காட்டி ஓயாமல் பேசினாள். அங்கே எல்லோருக்கும் வாயில் குழாய் செருகியிருந்தது, அவள் ஒருத்திக்குத்தான் பேச்சு வந்தது.

திடீரென்று என் வீட்டுக்காரர் காலை உதைக்க ஆரம்பித்தார். இறங்க இறங்கக் காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் மறந்துவிட்டார். சொல்லிக்கொடுத்த சைகைகளும் மறந்துவிட்டன. பின்னால் பிடித்திருந்தவருக்கு அவர் முகம் தெரியவில்லை. மகளோ வேறு பக்கம் ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டார். அவள் திரும்பினாள்.

அவர் தன் கன்னத்தில் விரலை வைத்து ஒரு திருகு திருகினார்.

அதன் பின்னால் காதைக் காட்டி, வலி என்றார். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தது அல்ல அது. வீட்டில் நானும் அவளும் பேசுகிற வலி. இத்தனை வருடமாக எதிரே உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர்.

அவள் ஒரு நொடி அப்படியே மிதந்தாள். பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவருக்குக் கையை ஆட்டிக் காதைக் காட்டினாள், அந்த ஆள் சட்டென்று அவரைக் கொஞ்சம் மேலே தூக்கினார். அப்பாவுக்கு மூக்கைப் பிடித்துக் காட்டி, பைய, பைய என்று உள்ளங்கையைத் தாழ்த்தினாள். அவர் ஊதினார். காது திறந்திருக்க வேண்டும், முகம் இளகியது. நான் அழுதேன். மாஸ்க்குக்குள் அழுதால் துடைத்துக்கொள்ள வழியில்லை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கரைக்கு வந்ததும் அவர் பழையபடி பைகளைத் தூக்கிக்கொண்டார். மிச்ச நாளெல்லாம் அவர் எதிரே வரும்போது மகளின் கண் அவர் முகத்துக்குப் போகாது, கைக்குத்தான் போகும். கையில் எப்போதும் ஏதாவது இருந்தது, பை, தண்ணீர் பாட்டில், மதினியின் செருப்பு. கப்பலில் திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"மீனுக்கு முன்னால கூப்பிடத் தெரியுது. மனுசனுக்கு முன்னாலதான் தெரியல, என்ன?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நெல்லை ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது நல்ல கூட்டம். மகள் மேம்பாலம் ஏறி எங்களுக்கு முன்பே முதலாவது பிளாட்பாரத்துக்குப் போய்விட்டாள். மதினிக்கு மூட்டுவலி, படி ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் உட்கார வேண்டும் என்றார். எதிர்ப் பக்கம் டீக்கடை அருகே நின்றுகொண்டு மகள் எங்களைப் பார்த்து டீ வேண்டுமா என்று கேட்டாள். நடுவில் ஒரு எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. கத்தினால் யாருக்கும் கேட்காது.

என் கை சும்மாதான் இருந்தது. நான் தூக்கவில்லை. கையைக் கீழே போடு, போடு என்று இத்தனை வருடம் சொன்னார்களே, அன்றைக்கு ஒருநாள் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எதிர்ப் பக்கம் அவள் மறுபடியும் கேட்டாள். அவர் இடது கைப் பையைக் கீழே வைத்தார். பிறகு வலது கைப் பையையும் வைத்தார். கையைத் தூக்கி, கன்னத்தில் விரலை வைத்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் திருகினார்.

"ஏல தம்பி, நாலு பேரு பாக்காவ," என்றார் மதினி.

"பாக்கட்டும்க்கா."

எதிர்ப் பக்கம் அவள் கை பாதியில் நின்றது. கன்னத்தில் குழி விழுந்தது, அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது. அவர் தனக்குச் சீனி இல்லாமல் என்று சொன்னார். தப்பும் தவறுமாகச் சொன்னார். அவள் புரிந்துகொண்டு இன்னொன்று கேட்டாள். எனக்கு விளங்கியது, ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அவரே அக்கா பக்கம் திரும்பினார்.

"உனக்குச் சீனி போடணுமான்னு கேக்கா."