மணி அடிக்கும் வரை

ஆரா நகரில் ஞாயிறு. குலம் அண்ணை தன் பழைய அமெரிக்கக் காரின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி முடித்துவிட்டார். எங்கள் இருவருக்கும் இன்றுதான் லீவு. ஆனால் இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. எங்கள் அகதி வழக்கு முடியாத நேரத்தில் மேல்மாடி வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தால் வில்லங்கம். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்கோவன் அண்ணை. எனக்கு டாவோஸுக்குத் திரும்பிப் போற ரயில் போகப்போகுது."

"கொஞ்சம் பொறும். சேர்ச் மணி அடிக்கட்டும்."

மணிகள் முழங்குகின்றன. அண்ணை சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் உறுமுகிறது, கராஜ் கதவே நடுங்குகிறது. மணி ஓய்ந்ததும் சட்டென்று நிறுத்துகிறார்.

மேலே ஜன்னல் திறக்கிறது. வீட்டுக்காரர் குனிந்து ஜெர்மன் மொழியில் ஏதோ கத்துகிறார். அண்ணையின் முகம் கறுக்கிறது.

"என்னவாம் அண்ணை?"

"ஒரு சிலிண்டர் வேலை செய்யேல்லையாம். மணிச் சத்தத்துக்குள்ளையும் கேட்டதாம்."